மூச்சு வந்துடுச்சு... நுரையீரல் சரியாயிடுச்சா?



அரசு மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும், தினமும் காதில் விழுகிற ஒரு வாக்கியத்தைச் சொல்வார்.

"டாக்டர், மிஷின் வெச்சு விடுங்க. வெச்சா சரியாயிடும். காலையில வேலைக்குப் போகணும்."

மிஷின் என்றால் நெபுலைசர். அதில் ஊற்றுவது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. பத்து, பதினைந்து நிமிடத்தில் இழுப்பு குறையும். முகம் தெளியும். "நல்லாயிடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வருவார்கள்.

இந்த "நல்லாயிடுச்சு"வை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் இதற்குச் சரியான பதில் கிடைக்க மருத்துவ உலகத்துக்கு 200 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நடுவில் ஆயிரக்கணக்கானவர்கள், அதிலும் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள், இறந்திருக்கிறார்கள்.

அந்த வரலாற்றைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் பொறுமையாகப் படியுங்க.

*

முதலில் ஒரு நிமிடம் பாடம்.

மூச்சுக்குழாய் மூன்று காரணங்களால் குறுகும்.

ஒன்று, குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுவது.
இரண்டு, குழாயின் உள்சுவர் வீங்குவது.
மூன்று, உள்ளே சளி அடைப்பது.

ஆஸ்துமாவில் இந்த மூன்றும் நடக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, அதாவது பிராங்கோடைலேட்டர், முதலாவதை மட்டும்தான் சரி செய்யும். இறுகிய தசையைத் தளர்த்தும். வீக்கமும் சளியும் அப்படியே இருக்கும்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்க. இனிமேல் வரப்போகிற கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

*

கதை நம்ம மெட்ராஸிலிருந்து ஆரம்பிக்கிறது.

1800-ஐ ஒட்டிய வருடங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர். தாவரங்கள் மீது பெரிய ஆர்வம் கொண்டவர். ஊமத்தைச் செடியின் வேரையும் அடித்தண்டையும் காயவைத்து, இடித்து, சுங்கானில் போட்டுப் புகைத்தால் இளைப்பு அடங்குகிறது என்பது இங்கே இருந்த வழக்கம். அதையே அவரும் ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார்.

ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரிக்கும் ஆஸ்துமா. அவர் வழியாக 1802-ல் இந்த முறை மெட்ராஸிலிருந்து பிரிட்டனுக்குப் போனது. அங்கே போனதும் தீ மாதிரிப் பரவியது. அடுத்த நூறு வருடத்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் "ஆஸ்துமா சிகரெட்" என்றே கடைகளில் விற்றார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் கூட அதைப் புகைத்தவர்தான்.

இளைப்புக்கு சிகரெட்டா என்று கேட்காதீங்க. அதில் அறிவியல் இருந்தது. ஊமத்தையில் அட்ரோபின் வகை வேதிப்பொருட்கள் இருக்கின்றன. மூச்சுக்குழாய்த் தசையை இறுகச் சொல்லி நரம்பு அனுப்பும் உத்தரவை அவை தடுக்கும். தசை தளரும். இன்றைக்கு நெபுலைசரில் ஊற்றுகிற இப்ராட்ரோபியமும், சி.ஓ.பி.டி.க்குக் கொடுக்கிற டையோட்ரோபியமும் அட்ரோபினின் வழி வந்தவைதான்.

(உடனே யாரும் ஊமத்தையைத் தேடிப் போகாதீங்க. அது விஷம். அளவு கொஞ்சம் கூடினாலும் புத்தி தடுமாறும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும், உயிரே போகும். அந்த ஆபத்தை நீக்கி, பயனை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் மேலே சொன்ன மருந்துகள்.)

ஆக, 1802-லேயே நிவாரணம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊமத்தைப் புகைக்குப் பிறகு அந்த நுரையீரல் உண்மையில் எவ்வளவு திறந்தது என்று சொல்ல யாரிடமும் வழி இல்லை. நோயாளி "தேவலை" என்றால் தேவலை. அவ்வளவுதான்.

*

அளக்க வந்தவர் ஜான் ஹட்சின்சன். இங்கிலாந்து மருத்துவர்.

அவர் செய்த கருவி பார்க்க எளிமையானது. தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய பாத்திரம். அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு பாத்திரம். குழாயில் வாய் வைத்து ஊதினால் உள்ளே போகும் காற்று, கவிழ்த்த பாத்திரத்தை மேலே தூக்கும். எவ்வளவு உயர்ந்தது என்று அளவுகோலில் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் ஸ்பைரோமீட்டர்.

1846-ல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2,130 பேரை ஊத வைத்திருக்கிறார். மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், குத்துச்சண்டைக்காரர்கள், பரம ஏழைகள், கனவான்கள் என்று கையில் கிடைத்த எல்லாரையும் விடவில்லை.

முழுசாக மூச்சை இழுத்து முழுசாக வெளியே விட்டால் வரும் மொத்தக் காற்றுக்கு அவர் "வைட்டல் கெப்பாசிட்டி" என்று பெயர் வைத்தார். உயிரின் கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளலாம். அது ஆளின் உயரத்தைப் பொறுத்தது, ஒரு அங்குல உயரம் கூடினால் 8 கன அங்குலக் காற்று கூடுகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். இன்றைக்கும் ஸ்பைரோமெட்ரி செய்வதற்கு முன்னால் உங்கள் உயரத்தை அளக்கிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர் ஊத வைத்தவர்களில் ஒருவர் சார்லஸ் ஃப்ரீமேன். "அமெரிக்க ராட்சதன்" என்று பெயர் வாங்கிய குத்துச்சண்டை வீரர். 1842-ல் ஊதியபோது 434 கன அங்குலம். இன்றைய கணக்கில் 7 லிட்டருக்கு மேல். சாதாரண ஆணைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டு வருடம் கழித்து உடல் மெலிந்து அதே ஆள் வந்து ஊதினார். அளவு நன்றாகக் குறைந்திருந்தது. 1845-ல் காசநோயில் இறந்து போனார்.

எக்ஸ்ரே இல்லாத காலம் அது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கவே இன்னும் 37 வருடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் ஒரு அளவுகோலும் நுரையீரலுக்குள் நடப்பதைச் சொல்லியிருக்கின்றன.

ஆனால் ஸ்பைரோமீட்டர் அன்றாட வைத்தியத்துக்குள் வரவில்லை. பெரிய சைஸ், தூக்கிக்கொண்டு அலைய முடியாது. ஹட்சின்சனும் 1852-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். 1861-ல் ஃபிஜித் தீவில் காலமானார்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. அவர் கேட்ட கேள்வி "எவ்வளவு காற்று?" என்பது. இளைப்பு நோய்க்கு அந்தக் கேள்வி போதாது.

*

ஏன் போதாது?

ரெண்டு டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. ரெண்டிலும் 60 பேர். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்க வேண்டும். முதல் பஸ்ஸில் கதவு முழுசாகத் திறக்கும். இரண்டாவது பஸ்ஸில் கதவு பாதியில் மாட்டிக்கொண்டது, ஒருக்களித்து ஒவ்வொருத்தராக இறங்குகிறார்கள்.

கடைசியில் தலையை எண்ணினால் ரெண்டிலும் 60 பேர்தான். வித்தியாசமே தெரியாது. ஆனால் முதல் பத்து செகண்டில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணினால் எந்தக் கதவில் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் கதவுக் கோளாறு. நேரம் கொடுத்தால் நோயாளி பெரும்பகுதிக் காற்றை ஊதி வெளியே விட்டுவிடுவார். ஆகவே மொத்த அளவு பல நேரம் சுமாராகவே இருக்கும். வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இதைப் பிடித்தவர்கள் பிரான்சின் ராபர்ட் டிஃபெனோவும் அவருடைய சக ஆய்வாளர் பினெல்லியும். வருடம் 1947. ஹட்சின்சனின் கட்டுரை வந்து 101 வருடம் கழித்து! அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே "ஓடும் காற்று, சிறைப்பட்ட காற்று" என்று இரண்டு வகை வருகிறது. இளைப்பு நோயாளி காற்றை உள்ளே இழுத்துவிடுகிறார், வெளியே விட முடியாமல் அது உள்ளேயே சிறைப்படுகிறது. எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்க.

அவர்கள் அளந்தது, முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு செகண்டில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை. 1957-ல் பிரிட்டிஷ் நெஞ்சக மருத்துவர்கள் பரிந்துரைத்த பெயரில்தான் இன்றைக்கும் அதை எஃப்.இ.வி.1 என்று சொல்கிறோம்.

நல்ல நுரையீரல் முதல் செகண்டிலேயே மொத்தக் காற்றில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் வெளியே தள்ளிவிடும். மருந்து கொடுத்த பிறகும் இந்தப் பங்கு 70 சதவிகிதத்துக்குக் கீழே நின்றால் சி.ஓ.பி.டி. என்று சந்தேகிக்கிறோம்.

அடுத்ததாக டிஃபெனோ செய்தது இன்னும் முக்கியம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, கொடுத்த பிறகு ஒரு தடவை ஊதச் சொல்லி ஒப்பிட்டார். அதுதான் இன்றைய ரிவர்சிபிலிட்டி டெஸ்ட். மருந்துக்குப் பிறகு 12 சதவிகிதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் நல்ல முன்னேற்றம், ஆஸ்துமா பக்கம் யோசி என்று நாங்கள் கல்லூரியில் படித்தது இதன் தொடர்ச்சிதான்.

மருந்து வேலை செய்கிறதா என்று நோயாளியின் வாயை மட்டும் நம்பாமல் நுரையீரலையே கேட்பதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

*

இதே காலத்தில் மருந்து இன்னொரு பாதையில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

1901-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஜோகிச்சி தகாமினே, அட்ரினலினைத் தனியாகப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார். 1903-ல் நியூயார்க்கில் அதை ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். இளைப்பு அடங்கியது. கூடவே இதயம் படபடத்தது, ரத்த அழுத்தம் ஏறியது.

1940-ஐ ஒட்டி ஐசோப்ரினலின் வந்தது. அட்ரினலினின் தம்பி. ரத்த அழுத்தத்தை அப்படி ஏற்றாது, மூச்சுக்குழாயை நன்றாக விரிக்கும். ஆனால் இதயத் துடிப்பை எகிற வைப்பதை விடவில்லை. கண்ணாடிக் குமிழியில் ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டும். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள். ஹேர் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா?

அப்பா ஆட்களை வேலையில் இறக்கினார். 1956-லேயே உலகின் முதல் அளவு இன்ஹேலர் சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு அமுக்கு, ஒரு அளவு. பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதே அடிப்படையில்தான் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் "பம்ப்" வேலை செய்கிறது.

நோயாளிகளுக்கு அது எப்படிப்பட்ட விடுதலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. ராத்திரி முழுக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

*

அடுத்து நடந்ததுதான் கொடுமை.

1960-களின் தொடக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமாவால் இறப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதற்கு முன்பு நூறு வருடம் பெரிதாக மாறாமல் இருந்த எண்ணிக்கை அது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே கதை.

மிக மோசமாக அடி வாங்கியது 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வயதில் ஆஸ்துமா இறப்பு 7 வருடத்தில் கிட்டத்தட்ட 8 மடங்கு கூடியது. 1966-ல் அந்த வயதில் இறந்த பிள்ளைகளில் சுமார் 14-ல் ஒருவர் ஆஸ்துமாவால் இறந்திருக்கிறார்.

பலர் கையில் இன்ஹேலரோடு இறந்திருந்தார்கள்.

ஸ்பைசர், டால், ஹீஃப் ஆகியோர் 1968-ல் இதை விரிவாக எழுதினார்கள். இந்த டால், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிரூபித்த அதே ரிச்சர்ட் டால்தான். நோய் திடீரென்று கூடிவிட்டதா? இல்லை. நோயைக் கண்டறியும் முறை மாறியதா? இல்லை. புதிதாக வந்தது என்ன? இன்ஹேலர்.

1972-ல் அமெரிக்காவைச் சேர்ந்த பால் ஸ்டாலி இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். சில நாடுகளில் மட்டும் ஐசோப்ரினலின் "ஃபோர்ட்டே" என்று சாதாரண அளவைவிட 5 மடங்கு வீரியத்தோடு விற்றிருந்தார்கள். மரணங்கள் ஏறியது அப்படிப்பட்ட நாடுகளில்தான். அந்த வீரிய இன்ஹேலரை விற்காத அமெரிக்காவில் இப்படி ஒரு அலை வரவில்லை.

1967-ல் பிரிட்டனில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போனது. அடுத்த வருடம், டாக்டர் சீட்டு இல்லாமல் இன்ஹேலர் வாங்க முடியாது என்று ஆக்கினார்கள். இறப்பு இறங்கத் தொடங்கியது.

எப்படிக் கொன்றது? இரண்டு விளக்கம் சொல்கிறார்கள்.

ஒன்று, அதிக மருந்து இதயத்தைப் பாதித்தது. ஆக்சிஜன் குறைந்த உடம்பில் இதயம் ஏற்கெனவே தத்தளிக்கும். அதன் மேல் சவுக்கடி மாதிரி இந்த மருந்து.

இரண்டு, நிவாரணமே ஏமாற்றியது. அமுக்கினால் மூச்சு வருகிறது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோன்றவில்லை. தசை தளர்ந்துகொண்டே இருந்தது, உள்ளே வீக்கமும் சளியும் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் மருந்து போகவே வழி இல்லை.

எது எவ்வளவு காரணம் என்று பல வருடம் வாதம் நடந்தது. இரண்டிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். மூச்சு வந்துவிட்டது என்பதால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

*

இதயத்தை விட்டுவிட்டு நுரையீரலை மட்டும் தொடும் மருந்து வேண்டும் என்ற தேடலுக்கும் அப்போது விடை வந்தது. 1967-ல் லாண்ட்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு, இதயத்தில் இருக்கும் பீட்டா ஏற்பியும் மூச்சுக்குழாயில் இருப்பதும் ஒரே வகை இல்லை, பீட்டா 1, பீட்டா 2 என்று இரண்டு என்று காட்டியது. இங்கிலாந்தின் வேர் என்ற ஊரில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு, பெரும்பாலும் பீட்டா 2-ஐ மட்டும் தொடும் மருந்தைத் தயாரித்து 1969-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதுதான் சால்பியூட்டமால். நம்ம நீல நிற பம்ப். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, இன்றைக்கும் காப்பாற்றுகிறது.

அதே டேவிட் ஜாக்கின் குழு 1972-ல் இன்னொரு இன்ஹேலரையும் கொண்டுவந்தது. பெக்லோமெத்தசோன். இது ஸ்டீராய்டு. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும். அமுக்கியவுடன் எதுவும் தெரியாது. தினமும் எடுத்தால் நாட்கள், வாரங்கள் கழித்துத்தான் பலன் தெரியும்.

இரண்டு மருந்துகளும் மூன்று வருட இடைவெளியில் வந்தன. ஒன்று உடனே மூச்சு கொடுக்கும், மற்றது மெதுவாக நோயை அடக்கும். மக்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

*

1973-ல் அமெரிக்காவில் மெக்ஃபேடன் குழு செய்த ஒரு ஆய்வை எல்லா ஆஸ்துமா நோயாளிக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

கடுமையான இளைப்போடு எமர்ஜென்சிக்கு வந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டே, இடையிடையே ஸ்பைரோமீட்டரில் ஊத வைத்தார்கள். "இப்போ எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லாயிருக்கேன்" என்று நோயாளி சொன்ன நேரத்தில் அவருடைய நுரையீரல் எவ்வளவு வேலை செய்தது தெரியுமா?

இருக்க வேண்டியதில் சுமார் பாதி.

சரி, நோயாளிக்குத்தான் தெரியவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, விசில் சத்தமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன நேரத்தில்? அப்போதும் 60, 70 சதவிகிதம்தான்.

நோயாளியின் உணர்வும் டாக்டரின் காதும் சேர்ந்தே ஏமாந்திருக்கின்றன. ஏமாறாமல் இருந்தது ஸ்பைரோமீட்டர் மட்டும்தான்.

அப்படியென்றால் வீட்டிலேயே அளக்க வழி வேண்டுமே? அதுவும் வந்துவிட்டிருந்தது. வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்த மையத்தில் வேலை பார்த்தவர் மார்ட்டின் ரைட். அவரும் மெக்கெரோவும் 1959-ல் பீக் ஃப்ளோ மீட்டரை அறிமுகம் செய்தார்கள். ஊதும் காற்றின் உச்ச வேகத்தைக் காட்டும் கருவி. 1970-களில் அதன் குட்டி வடிவம் வந்தது. பிளாஸ்டிக்கில், கைக்கு அடக்கமாக.

காலையும் மாலையும் அதில் ஊதி எழுதி வைத்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது. லண்டனின் மார்கரெட் டர்னர்-வார்விக் 1977-ல் அதை எழுதினார். சில நோயாளிகளுக்குப் பகலில் நல்ல அளவு, விடியற்காலையில் மட்டும் அதலபாதாளத்துக்கு விழுகிறது. பகலில் ஓ.பி.யில் பார்க்கும் டாக்டருக்கு அந்த நோயாளி நன்றாகவே இருப்பார். ஆபத்து ராத்திரி மூன்று, நான்கு மணிக்குக் காத்திருக்கும்.

*

இவ்வளவு தெரிந்த பிறகும் இன்னொரு முறை அதே பள்ளத்தில் விழுந்தார்கள்.

1976-ல் நியூசிலாந்தில் ஃபெனோட்டரால் என்ற புதிய நிவாரண இன்ஹேலர் வந்தது. கொஞ்ச காலத்திலேயே ஆஸ்துமா மரணங்கள் மறுபடி ஏறின. 1989-ல் வெலிங்டனைச் சேர்ந்த ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி ஆகியோரின் குழு, அந்த மருந்துக்கும் மரணங்களுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. கடும் எதிர்ப்பு வந்தது. ஆனால் மருந்தின் மீது கட்டுப்பாடு விழுந்ததும் மரணங்களும் விழுந்தன.

கடைசியாக 2019. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி அமைப்பான ஜீனா ஒரு வரி எழுதியது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள், லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் கூடவே இருக்க வேண்டும் என்று.

முதல் இன்ஹேலர் வந்தது 1956. இந்த வரி வந்தது 2019. இடையில் 63 வருடம்.

*

சி.ஓ.பி.டி. பற்றியும் சொல்லாமல் முடிக்கக்கூடாது.

சார்லஸ் ஃப்ளெட்சர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1941-ல் ஒரு போலீஸ்காரருக்கு பெனிசிலின் ஊசி போட்ட வரலாற்றில் இருப்பவர் இவர்தான். பின்னாளில் நுரையீரல் பக்கம் வந்தார். லண்டனில் வேலை பார்த்த ஆண்களைச் சுமார் 8 வருடம் தொடர்ந்து ஊத வைத்து, 1977-ல் ரிச்சர்ட் பீட்டோவோடு சேர்ந்து முடிவை எழுதினார்.

வயதாக ஆக எல்லாருக்கும் எஃப்.இ.வி.1 கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புகையால் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ளவர்களுக்கு மடமடவென்று இறங்கும். எந்த வயதில் சிகரெட்டை விட்டாலும், இழந்தது திரும்பாது. ஆனால் இறங்கும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு வந்துவிடும்.

"இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இன்றைக்கு விட்டால், இன்றைக்கு மிச்சம் இருப்பது மிஞ்சும்.

இறங்குவது வெளியே தெரியாது என்பதுதான் இந்த நோயின் தந்திரம். மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது நுரையீரலின் திறனில் பெரும்பங்கு போயிருக்கும். சிகரெட்டே தொடாமல், விறகடுப்புப் புகையில் முப்பது வருடம் சமைத்த அம்மாக்களுக்கும் இது வருகிறது. "வயசாயிடுச்சு, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

*

சரி டாக்டர், இந்தப் பழைய கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கு என்று கேட்பீர்கள்.

2019-க்கான உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 சதவிகிதத்துக்கும் மேல் இந்தியர்கள். உலக ஆஸ்துமா நோயாளிகளில் நம் பங்கு அதைவிட ரொம்பக் குறைவு. நோய் வருவதைவிட அதிகமாக நாம் சாகிறோம்.

1960-களில் இங்கிலாந்தில் நடந்த அதே தவறு நம் தெரு மெடிக்கல் ஷாப்பில் தினமும் நடக்கிறது. சீட்டு இல்லாமல் நீல பம்ப். இல்லையென்றால் சால்பியூட்டமால் மாத்திரை, சிரப். இழுத்தால் ஒரு நெபுலைசர். ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டை ஒரு தடவைகூடச் செய்யாமலே இருபது வருடம் இளைப்போடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே சில விஷயங்கள்.

1. இழுப்பு, அடிக்கடி இருமல், மூச்சு வாங்குதல் இருந்தால் ஒரு முறையாவது ஸ்பைரோமெட்ரி செய்துகொள்ளுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்க. ஊசி இல்லை, வலி இல்லை. ஊதணும், அவ்வளவுதான்.

2. நீல பம்ப்பைத் தூக்கிப் போடாதீங்க. அவசரத்துக்கு அது வேண்டும். ஆனால் எத்தனை பம்ப் காலியாகிறது என்று எண்ணுங்க. ஆஸ்துமாவுக்கு வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் கட்டுக்குள் இல்லை, ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். மாதம் ஒன்று என்றால் உயிருக்கே ஆபத்து.

3. வீக்கத்துக்கான இன்ஹேலரை டாக்டர் எழுதியிருந்தால், நன்றாக இருக்கும் நாளிலும் அவர் சொன்னபடி எடுங்க. "பம்ப் போட்டா பழகிடும்" என்பது தவறான பயம். மாத்திரையில் மில்லிகிராமில் போகும் ஸ்டீராய்டு, இன்ஹேலரில் மைக்ரோகிராமில் போகிறது. எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

4. எடுக்கும் முறையை டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் செய்து காட்டுங்க. தப்பாக அமுக்கினால் மருந்து நாக்கோடு நின்றுவிடும். ஸ்பேசர் வாங்கிக்கொள்வது நல்லது.

5. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, தூக்கக் கலக்கமாக இருக்கிறது, பம்ப் எடுத்தும் அடங்கவில்லை என்றால் வீட்டில் இருக்காதீங்க. உடனே 108.

6. பீடி, சிகரெட்டை விடுங்க. எந்த வயதானாலும்.

அந்த 60-களில் இறந்த பிள்ளைகளின் வீட்டாரும் "பம்ப் எடுத்தான், சரியாயிட்டான்" என்றுதான் நம்பியிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல அன்றைக்கு யாரிடமும் விவரம் இல்லை. நமக்கு இருக்கிறது.

அடுத்த தடவை "நல்லாயிடுச்சு டாக்டர்" என்று சொல்லும்போது, கூடவே "ஒரு தடவை ஊதிப் பார்த்துடலாமா டாக்டர்?" என்றும் கேளுங்க.

வீட்டில் இளைப்பு இருப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்க. சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்க, டியூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.